வசனம் இல்லாமல் நாடகம் படமானது எப்படி? மௌனப்படங்களின் அடிக்கணக்கு

மே 3 நெருங்கினால் மும்பைத் தமிழர்களிடையே பழைய விவாதம் ஒன்று மறுபடி கிளம்பும். இந்தியாவின் முதல் படம் தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வா, அல்லது அதற்கு ஓராண்டு முன்பே கிர்காவ் பகுதியில் அதே கொட்டகையில் ஓடிய 'ஸ்ரீ புண்டலிக்'கா? கூடவே இன்னொரு குழப்பமும் வரும். 'ஹரிச்சந்திரா' 40 நிமிடப் படம் என்று ஒரு இடத்தில் இருக்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வேறொரு இடத்தில் இருக்கும். இவற்றுக்கு அடியில் இருப்பது இன்னும் பெரிய கேள்வி. நாடகம் என்றாலே பேச்சும் பாட்டும்தான். அப்படியிருக்க, வாய் பேசாத ஒரு கருவிக்கு உலகம் முழுக்கத் தொடக்கத்திலேயே நாடகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஏன்?

மூன்று கேள்விக்கும் விடை பிலிம் சுருளின் நீளத்திலிருந்து தொடங்குகிறது.

அடி, பிரேம், வேகம்

மௌனப்படத்தை நிமிடத்தில் அளக்கக்கூடாது. அடியில்தான் அளக்க வேண்டும். 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ஒவ்வொரு பிரேமுக்கும் இரு ஓரத்திலும் நான்கு நான்கு துளைகள். அன்றைய கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 பிரேம் ஓடும்; நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 பிரேம். ஆள் களைத்தால் வேகம் குறையும், சண்டைக்காட்சியில் வேண்டுமென்றே கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். நொடிக்கு 24 என்ற நிலையான வேகம் 1920களின் கடைசியில் ஒலி வந்த பிறகுதான் நிலைபெற்றது.

1000 அடி ரீல் ஒன்று எவ்வளவு நேரம் ஓடும் என்பதைப் போட்டுப் பார்க்கலாம்:

1. நொடிக்கு 16 பிரேம்: 16 நிமிடம் 40 நொடி.
2. நொடிக்கு 18 பிரேம்: சுமார் 14 நிமிடம் 50 நொடி.
3. நொடிக்கு 24 பிரேம்: சுமார் 11 நிமிடம்.

'ராஜா ஹரிச்சந்திரா' நான்கு ரீல், 3700 அடி. 24 வேகத்தில் ஓட்டினால் 41 நிமிடம். 16 வேகத்தில் ஓட்டினால் 61 நிமிடத்துக்கும் மேல். ஆக, '40 நிமிடம்' என்பது பேசும்பட வேகத்தில் போட்ட கணக்கோடுதான் பொருந்துகிறது. பால்கே சூரத்தில் கொடுத்த விளம்பரம் இதற்கு நல்ல சாட்சி. '57,000 புகைப்படங்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றணாவுக்கே' என்றது அந்த விளம்பரம். 57,000 பிரேமை 16ஆல் வகுத்தால் 3562 அடி வருகிறது. 3700 அடியோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. நொடிக்கு 16 வீதம் ஓட்டினால் 59 நிமிடம். இரண்டு மைல் என்றது மட்டும் விளம்பர மிகை. உண்மையில் முக்கால் மைல்கூட இல்லை.

அந்த விளம்பரம் ஏன் தேவைப்பட்டது என்பது நம் விஷயத்துக்கு மிக முக்கியம். சூரத்தில் முதல் நாள் வசூல் மூன்றே ரூபாய் என்பார்கள். இரண்டணா கொடுத்தால் ஆறு மணி நேரம் நாடகம் பார்க்கலாம் என்று பழகிய ஊர் அது. அதைவிட அதிகக் காசுக்கு அதைவிட மிகக் குறைந்த நேரக் காட்சி என்றால் யார் வருவார்கள்? எனவே பால்கே நேரத்தைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்லி விற்றார். மௌனப்படத்தின் முதல் போட்டியாளர் நாடகக் கொட்டகைதான். நாடகத்திடமிருந்து கதையை எடுத்துக்கொண்டு, நாடகம் பார்க்கும் கூட்டத்தையே அது ஈர்க்க வேண்டியிருந்தது.

நான்கு மணி நேரத்தைச் சுருக்கும் கணக்கு

'ஹாம்லெட்' முழுப் பிரதி ஏறக்குறைய 30,000 சொல். விடாமல் நடித்தால் நான்கு மணி நேரம். அதை ஒரு மணி நேர மௌனப்படமாக்கினால் எவ்வளவு வசனம் மிஞ்சும்? படத்தில் ஐந்தில் ஒரு பங்கை டைட்டில் கார்டுக்கு, அதாவது காட்சிகளுக்கு நடுவே எழுத்தைக் காட்டும் அட்டைக்கு, ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் படம் பார்ப்பது போய் படிப்பதாகிவிடும். 12 நிமிடம், அதாவது 720 நொடி. 15 சொல் உள்ள அட்டையைக் கொட்டகையில் எல்லாரும் படித்து முடிக்க 8 நொடி வேண்டும். 90 அட்டை, 1350 சொல். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

ஆரம்பகாலப் படங்களுக்கு அந்த வசதியும் இல்லை. பெர்சி ஸ்டோ 1908இல் எடுத்த 'டெம்பெஸ்ட்' முழுக்கதையையும் சுமார் 12 நிமிடத்தில் சொல்கிறது. அதே காலத்தில் அமெரிக்க வைட்டாகிராஃப் கம்பெனி ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஒரு ரீல் படங்களாகவே வரிசையாக வெளியிட்டது. இவற்றில் டைட்டில் கார்டு செய்யும் வேலை வசனத்தை எடுத்துச் சொல்வதல்ல. அடுத்து வரும் காட்சி எது என்று சுட்டிக்காட்டுவது மட்டும்தான்: 'மன்னன் நாட்டை மகள்களுக்குப் பிரிக்கிறான்' என்பது மாதிரி.

கதை தெரியாதவருக்கு இந்தப் படங்கள் புரியாது என்று இன்று பலர் குறைசொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் அவை கதை தெரியாதவருக்காக எடுக்கப்பட்டவையே அல்ல. செவ்வியல் நாடகத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே அதன் வசனம் பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். திரையில் கை உயர்ந்தால் போதும், அந்த இடத்து வரியைக் கொட்டகை தானாகச் சொல்லிக்கொள்ளும். தாராமதியின் மடியில் லோகிதாசன் கிடக்கும் காட்சிக்கு நம் ஊரில் யாருக்கு விளக்க அட்டை வேண்டும்? மயான காண்டம் கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே புலம்பல் தானாகக் காதில் விழும்.

குரலை வெளியிலிருந்து கொண்டுவந்த முயற்சிகளும் உண்டு. 1900 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு மேடை நடிகை சாரா பெர்னார்ட் ஹாம்லெட்டாக வாள்சண்டை போடும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான படம் காட்டப்பட்டது. வாள் மோதும் ஓசை, ஒலி பதிந்த போனோகிராஃப் உருளையிலிருந்து வந்தது. 1912இல் அமெரிக்காவில் 'மூன்றாம் ரிச்சர்ட்' ஐந்து ரீல் படமாக வந்தபோது, அதில் நடித்த மேடை நடிகர் ஃபிரெடரிக் வார்டே படத்தோடு ஊர் ஊராகப் போனார். ரீல் மாற்றும் இடைவெளியில் திரைக்கு முன் நின்று நாடகத்தின் வரிகளைச் சொன்னார், கதையை விளக்கினார். படமும் ஆளும் சேர்ந்ததே அன்றைய காட்சி. இன்று தனியாக அந்தப் படத்தைப் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

மேடையில் எடுபட்டது கேமராவில் ஏன் கெட்டது

நாடகக் கம்பெனியை அப்படியே கேமரா முன் நிறுத்தினால் என்னென்ன பிசகும் என்பதை ஆரம்பகாலப் படங்களில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அரிதாரம். அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் மிகையாகத் தெரியும். கன்னத்திலும் உதட்டிலும் தடவிய சிவப்பு திரையில் கறுப்பாக விழும். ரோஜா நிறக் கன்னம் குழிந்த கன்னமாகத் தெரியும், நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். நீலக்கண் நடிகர்களுக்கு விழியே இல்லாததுபோல் இருக்கும். எனவே சிவப்பைக் குறைத்து மஞ்சள் கலந்த வெளிர் நிறங்களைப் பூச வேண்டியிருந்தது. எல்லா நிறத்துக்கும் ஓரளவு சமமாக ஈடுகொடுக்கும் பாங்குரோமாட்டிக் பிலிம் 1920களின் பிற்பகுதியில்தான் பரவலானது.

2. தூரம். முதலில் கேமராவை முழு ஆளும் தெரியும்படி, நல்ல இருக்கையில் அமர்ந்த பார்வையாளர் இடத்தில் வைத்தார்கள். முகபாவம் அங்கிருந்து தெரியாது, அதனால் நடிகர் கையையும் உடம்பையும் வீசி நடிப்பார். 1910 வாக்கில் வைட்டாகிராஃப் நடிகர்களைக் கேமராவுக்கு ஒன்பதடி வரை நெருங்கவிட்டது. முழங்காலுக்குக் கீழே படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதற்கு ஈடாக முகம் கிடைத்தது. இந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு பழைய கைவீச்சு தேவையற்ற மிகையாகத் தெரியத் தொடங்கியது.

3. படுதா. மேடையில் எரிவிளக்கு வெளிச்சத்தில் அரண்மனையாகத் தெரியும் வரைபடுதா, வெயிலில் எடுத்தால் காற்றில் ஆடும் துணியாகத் தெரியும். அன்று படப்பிடிப்புக்கு வெயிலே பெரும்பாலும் வெளிச்சம். மேலே வெள்ளைத்துணி கட்டி நிழலை மென்மையாக்குவார்கள். இரவுக்காட்சியும் பகலில்தான். பிறகு பிரிண்டைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள்: இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு, விளக்கொளிக்கு மஞ்சள். சாயம் மங்கிய கறுப்புவெள்ளைப் பிரதியில் இரவும் பகலும் ஒன்றாகிவிடும், கதையும் குழம்பும்.

4. ஸ்திரீபார்ட். பெண் வேடத்தை ஆண் போடுவது நம் மேடைக்கு இயல்பு. தூரமும் குரலும் பாட்டும் அதைத் தாங்கின. 'ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் அண்ணா சாலுங்கே, அதற்கு முன் உணவுவிடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். படத்தில் குரல் இல்லை என்பதால் ஒரு சிக்கல் குறைந்தது. ஆனால் நீராட்டுக் காட்சியில் ஈரச்சேலையோடு நிற்கும் ஆண்களைக் கேமரா மறைக்கவில்லை.

5. வாயசைவு. மற்ற நான்கையும் கைவேலையால் சரிசெய்யலாம். இதுதான் ஆழமான பிழை. 1913 பிரிட்டிஷ் 'ஹாம்லெட்'டில் நடித்த ஜான்ஸ்டன் ஃபோர்ப்ஸ்-ராபர்ட்சனுக்கு அப்போது 60 வயது. அந்தக் காலத்தின் பெரிய ஹாம்லெட் அவர்தான். கடலோரத்தில் கோட்டை செட் போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரப் படமாக எடுத்தார்கள். அவர் மேடையில் சொன்ன வரிகளையே கேமரா முன்னும் சொல்கிறார். உதடு நெடுநேரம் அசைகிறது, நமக்கு ஒன்றும் கேட்பதில்லை. அவர் உடம்பின் நிதானமும் முகத்தின் நுட்பமும் இன்றும் வியக்கவைப்பவை. ஆனால் தனிமொழி வரும் இடங்களில் படம் நின்றுவிடுகிறது.

நாடகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்தவர்கள்

இந்த ஐந்தாவது பிழையைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு வழிகளில் வெளியே வந்தார்கள்.

1921இல் ஜெர்மனியில் நடிகை ஆஸ்தா நீல்சன் ஹாம்லெட்டாக நடித்த படம் ஷேக்ஸ்பியரின் வரிகளைக் காப்பாற்றும் முயற்சியையே கைவிட்டது. ஹாம்லெட் பெண்ணாகப் பிறந்து, அரசுரிமைக்காக ஆணாக வளர்க்கப்பட்டவள் என்று கதையையே மாற்றினார்கள். ஏன் தயக்கம், ஏன் ஒஃபீலியாவிடம் அந்த விலகல் என்பதற்கெல்லாம் வசனமே இல்லாமல் பார்வையிலேயே காரணம் கிடைத்துவிட்டது.

எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1925இல் ஆஸ்கர் வைல்டின் 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' நாடகத்தை எடுத்தபோது இன்னும் துணிந்தார். அந்த நாடகம் வாழ்வதே சொல்சாதுரியத்தில். அதிலிருந்து ஒரு புகழ்பெற்ற வரியைக்கூட அவர் அட்டையில் போடவில்லை. யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்ப்பதை யார் கவனிக்கிறார், கதவு எப்போது மூடுகிறது என்பதிலேயே அந்தச் சாதுரியத்தைத் திரும்பக் கட்டினார். மௌனப்பட நாடகத் தழுவல்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் உள்ளவருக்கு இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

உரிமைச் சிக்கல்

வசனமே இல்லாத படத்துக்கு எழுத்தாளரிடம் அனுமதி எதற்கு என்று ஆரம்பத்தில் கம்பெனிகள் வாதாடின. கேலம் கம்பெனி 1907இல் 'பென்-ஹர்' நாவலை அனுமதி பெறாமல் படமாக எடுத்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது உரிமைமீறல் என்று தீர்ப்பளித்தது. சொற்களை எடுக்காவிட்டாலும், கதையை நடித்துக் காட்டினால் அதுவும் நாடகமாக்கல்தான். அதே ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்திலும் சினிமா இடம்பெற்றது. 1914 சட்டம் வழியாக அது இந்தியாவுக்கும் வந்தது. காளிதாசன், சூத்ரகன், ஷேக்ஸ்பியர், புராணம் ஆகியோருக்கு யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் செவ்வியல் நாடகங்களின் ஒரு கவர்ச்சி.

புண்டலிக்கா, ஹரிச்சந்திராவா?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இரண்டும் கிர்காவ் கொரொனேஷன் கொட்டகையில் திரையிடப்பட்டவை: 'புண்டலிக்' 1912 மே 18, 'ஹரிச்சந்திரா' 1913 மே 3. தாதாசாகேப் தோர்ணேயின் 'புண்டலிக்' ஒரு மராத்தி மேடை நாடகத்தைக் கேமராவில் பதிந்தது. நீளம் சுமார் 1500 அடி. 22 நிமிடம் என்று சொல்லப்படுவது நொடிக்கு 18 பிரேம் என்ற கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. ஒளிப்பதிவாளர் ஓர் ஆங்கிலேயர். பிலிமைக் கழுவியது லண்டனில்.

பால்கே லண்டனிலிருந்து கேமராவும் துளையிடும் கருவியும் வாங்கிவந்து தாதரில் எல்லா வேலையையும் செய்தார். துளையில்லாமல் வந்த கச்சா பிலிமில் இருட்டில் உட்கார்ந்து துளை போட்டவர் அவர் மனைவி சரஸ்வதிபாய். ஒரு அடிக்கு ஓரத்துக்கு 64 துளை. 3700 அடிக்கு ஒரு ஓரத்துக்கே 2,36,800 துளை. நெகடிவுக்கு ஒருமுறை, பிரிண்டுக்கு மறுபடி. துளை சற்றே நகர்ந்தால் திரையில் படம் நடுங்கும். பகலில் படப்பிடிப்பு முடிந்து இரவில் நடந்த இந்த வேலைக்கு இந்திய சினிமா வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆக, விடை நாம் எதை 'படம்' என்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாடகத்தின் பதிவும் படமே என்றால் முதலிடம் தோர்ணேக்கு. கேமராவுக்காகக் காட்சி பிரித்து, இங்கேயே கழுவி, இங்கேயே பிரிண்ட் போட்ட முழுநீளக் கதைப்படம் என்றால் பால்கேக்கு. என் தீர்ப்பு பால்கே பக்கம். ஆனால் பதிவு என்பதற்காக 'புண்டலிக்'கைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ நடித்த 'கிங் ஜான்' காட்சிகள், 1899இல் லண்டனில் அவருடைய மேடைத் தயாரிப்பையொட்டிப் படமாக்கப்பட்டவைதான்; அவற்றை ஷேக்ஸ்பியர் சினிமாவின் தொடக்கமாக உலகமே ஏற்கிறது.

பம்பாயின் மௌனம் யாருக்கு உதவியது

பம்பாய்க்கு மௌனம் பெரிய வசதியாக இருந்தது. ஒரே கொட்டகையில் மராத்தி, குஜராத்தி, உருது, தமிழ் பேசுபவர்கள் உட்காரும் ஊர். ஒரே அட்டையில் பல மொழி எழுத்தை அடுக்குவார்கள். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொள்வார். நடிகருக்கும் மொழித் தடை இல்லை. சுசேத் சிங் 1920இல் எடுத்த 'சகுந்தலா'வில் சகுந்தலையாக நடித்தவர் டாரதி கிங்டம் என்ற அமெரிக்கப் பெண். புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ பம்பாய் மௌனப்படங்களின் நாயகனானதும் இதே வழியில்தான்.

ஷேக்ஸ்பியர் இங்கே வந்தது பார்சி நாடகக் கம்பெனிகளின் உருதுத் தழுவல்கள் வழியாக. 'வெனிஸ் வணிகன்' 1927இல் 'தில் ஃபரோஷ்' ஆனது. 'ஹாம்லெட்' 1928இல் 'கூன்-ஏ-நாஹக்' ஆனது. சூத்ரகனின் 'மிருச்சகடிகம்' மோகன் பவ்னானி இயக்கத்தில் 'வசந்தசேனா'வாக வந்தது. அதில் கமலாதேவி சட்டோபாத்யாயாவும், மைசூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தின் பெரும்பெயரான டி.பி. கைலாசமும் நடித்தார்கள்.

1931 மார்ச் 14 அன்று கிர்காவ் மெஜஸ்டிக் கொட்டகையில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' பேசியது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 'காளிதாஸ்' வெளிவந்தது, எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் சொல்லும் அந்தப் படம் பம்பாய் இம்பீரியல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதில் பேச்சு பல மொழி கலந்தே இருந்தது. குரல் வந்ததும் நாடகம் முழுசாகத் திரும்பி வந்தது. கம்பெனி நாடகங்களை ராஜபார்ட் பாட்டோடு அப்படியே படமாக்கினார்கள். 1932 இந்தி 'இந்திரசபா'வில் பாட்டே எழுபதுக்குப் பக்கம். கேமரா மறுபடி ஓரிடத்தில் நின்றது. இருபது ஆண்டு மௌனப்படம் கற்றுக்கொண்ட பார்வை, நெருக்கம், வெட்டு ஆகியவை சில காலம் பின்னுக்குப் போயின.

மிஞ்சியதைப் பார்க்கும்போது

இந்தியாவில் எடுத்த சுமார் 1300 மௌனப்படங்களில் துண்டுகளாகவாவது மிஞ்சியவை மிகச் சில. அன்றைய படங்கள் பதிந்த நைட்ரேட் பிலிம் முதலில் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கொப்புளித்து நுரைக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகும். தீப்பிடித்தால் எரிவதற்கான ஆக்சிஜனைத் தானே விடும் என்பதால் தண்ணீரில் போட்டாலும் அணையாது. வெள்ளிக்காகக் கரைத்து விற்ற பிரதிகளும் நிறைய. எனவே கிடைத்ததைச் சரியாகப் பார்ப்பது முக்கியம்.

1. அட்டைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள். ஐரோப்பியக் காப்பகங்களில் கிடைத்த பல பிரதிகள் வெளிநாட்டு மொழி அட்டை கொண்டவை. இப்போதைய ஆங்கில வரி மறுமொழிபெயர்ப்பாக இருக்கலாம். அட்டை இமைப்பொழுதில் மறைந்தால், அது இங்கே அட்டை வரும் என்ற அடையாளத்துக்காக ஒன்றிரண்டு பிரேம் மட்டும் விடப்பட்டது.

2. எந்தப் பிரதி என்று கேளுங்கள். 'ஹரிச்சந்திரா'வின் முதல், கடைசி ரீல்கள் என்று காட்டப்படுபவை, பால்கேயே 1917இல் மறுபடி எடுத்த பதிப்பின் ரீல்கள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு.

3. நாடகத்தின் கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே காட்சிவாரியாகப் படித்துவிடுங்கள். அன்றைய பார்வையாளர் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தார்.

4. ஆட்கள் குதித்துக் குதித்து நடந்தால், 24 வேகத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வீடியோ பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கினால் நொடிக்கு 18 பிரேம் வரும். நடை இயல்பாகும், முகபாவம் படியும். கூடச் சேர்த்த இசை இழுத்துக்கொண்டு கேட்கும் என்பதால் ஒலியை அணைத்துவிடுங்கள்.